தனுஷ்கோடி நடைப்பயணம்: பத்துக்கு ஏழரை

தனுஷ்கோடிக்கு எங்களை நடக்கக் கூட்டிப்போனவருக்கு நான் போடுகிற மார்க் பத்துக்கு ஏழரை. கூட வந்த வசந்தா எட்டரை கொடுக்கச் சொல்கிறாள். லோகநாதன் சார் ஆறுக்கு மேல் ஒரு புள்ளிகூடத் தரமாட்டேன் என்கிறார். ராமேஸ்வரத்து லாட்ஜில் அவருக்கு மூன்றாவது மாடியைக் கொடுத்துவிட்டார்கள், லிஃப்ட் கிடையாது, வலிக்கிற முழங்கால் அவருடையது. எழுதுகிறவள் நான் என்பதால் ஏழரைதான் நிற்கும்.

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் விடிவதற்கு முன்பே சுற்ற ஆரம்பிக்கிற கூட்டம் நாங்கள். தீவு என்றால் பொருட்காட்சி நடக்கிற தீவுத்திடல்தான் எங்களுக்குத் தெரியும். இப்பேர்ப்பட்ட ஒன்பது பேரைப் பாம்பன் தீவுக்குக் கூட்டிப்போய், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தீவு முடிகிற அரிச்சல்முனை வரைக்கும் கடலோரச் சாலையில் நடக்கவைத்து, எல்லோரையும் எண்ணிப் பார்த்துத் தாம்பரத்தில் திரும்ப இறக்கிவிட்டவர் மந்தைவெளிக்காரர் ஒருவர். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். இப்போதும் எல்லோருக்கும் மாஸ்டர்தான். போர்டு கிடையாது, ஆபீஸ் கிடையாது, ஆள் சேர்வது வாய்வார்த்தையில். பெயரையும் நம்பரையும் எழுதக்கூடாது என்று வசந்தா என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். கூட்டம் சேர்ந்துவிட்டால் அடுத்த தடவை நமக்கு இடம் இருக்காதாம். ஆகையால் இதே மாதிரி நடை ஏற்பாடு செய்கிற யாரையாவது நீங்கள் தேடிப் பிடிக்கும்போது எதைப் பார்க்கவேண்டும், எதற்கு மயங்கக்கூடாது என்ற அளவில் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தலைக்கு 5,600 ரூபாய். போக வர மூன்றடுக்கு ஏசி, ஒரு ராத்திரி லாட்ஜ், வேன், சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். ரயிலுக்கு இவ்வளவு, ரூமுக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக் காட்டினார். “சர்வீஸ் சார்ஜ்” என்று மொத்தமாக ஒரு வரியில் அடித்துவிடுகிற ஆட்களைப் பார்த்தே பழகிய எனக்கு அந்த நோட்டுக்கே கால் மார்க் கொடுக்கலாம் என்று தோன்றியது.

ஆனால் காசு கொடுத்தால் மட்டும் ஆளை எடுப்பதில்லை. கிளம்புவதற்கு முந்தின மாசமே ஒரு ஞாயிற்றுக்கிழமை மெரினாவுக்கு வரச்சொன்னார். உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பவேண்டும். ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். கையில் விசிலோடு அவர் பின்னாலேயே வந்தார். யார் எங்கே மூச்சு வாங்குகிறார்கள், யார் காலை இழுத்து வைக்கிறார்கள் எல்லாம் குறித்துக்கொண்டார். கடைசியில் இரண்டு பேரிடம், “நீங்க வாங்க, ஆனா பாதி வழிதான். மீதி வேன்” என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அதில் ஒருவர் எங்கள் வீட்டுக்காரர். இரண்டு நாள் மாஸ்டரைத் திட்டினார். அப்புறம் ஷூ வாங்கப் பாண்டி பஜார் போனார்.

தாம்பரத்திலிருந்து சாயங்காலம் புறப்படுகிற ராமேஸ்வரம் வண்டி. 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதுப் பாம்பன் பாலத்தைத் திறந்த அன்றைக்குத்தான் இந்த வண்டியையும் விட்டார்கள். மதுரை, திருச்சி பக்கம் போகாமல் சிதம்பரம், திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி என்று டெல்டாவைச் சுற்றிக்கொண்டு போகிறது. எங்கள் பெட்டியில் பாதிப் பேர் திருவாரூரோடு இறங்கிவிட, மீதி ராத்திரி நிம்மதி. ஒரே மனக்குறை, பாலத்தைக் கடக்கும்போது கும்மிருட்டு. நடுவில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பாலம், கப்பல் வந்தால் அப்படியே செங்குத்தாக மேலே ஏறும் என்று வசந்தா ஒப்பித்தாள். அவள் தெற்கு ரயில்வேயில் ரிட்டையரானவள், இதெல்லாம் மனப்பாடம். எங்களுக்கு ஜன்னல் கண்ணாடியில் எங்கள் முகம்தான் தெரிந்தது. திரும்பும்போது பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மாஸ்டர். சொன்னபடியே தெரிந்தது. பக்கத்து ரோட்டுப் பாலத்தில் காரை நிறுத்திவிட்டு எங்கள் ரயிலை ஜனம் படம் எடுத்துக்கொண்டிருந்ததையும் பார்த்தோம்.

சனிக்கிழமை கோயிலும் தீர்த்தமும் தூக்கமும். பிராகாரத்தைப் பற்றி நான் எழுதி ஆகவேண்டியது ஒன்றுமில்லை. தேதி வைத்த விதத்தை மட்டும் சொல்கிறேன். பொங்கல் கூட்டமும் தை அமாவாசைக் கூட்டமும் வடிந்திருந்தன. தை அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடம் இருக்காது, லாட்ஜ் வாடகை கேட்டால் தலை சுற்றும். இந்தக் கணக்கு தெரியாமல் ‘ஜனவரி ஸ்பெஷல்’ போடுகிற ஆட்களிடம் ஜாக்கிரதை.

ஞாயிற்றுக்கிழமை காலை செக்போஸ்ட் திறந்ததும் உள்ளே போன முதல் வேன் எங்களுடையது. முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கினோம். அங்கிருந்து அரிச்சல்முனைக்கு 9.5 கிலோமீட்டர். 2017 ஜூலையில் இந்தச் சாலை திறக்கும்வரை இதற்கு அப்பால் மணலும் தேங்கிய கடல்நீரும்தான், வேன்களும் ஜீப்புகளும் அதில் குலுங்கிக்கொண்டு போகும். இப்போது தார். இரண்டு பக்கமும் கருங்கல்லைக் கொட்டி அணை கட்டியிருக்கிறார்கள். அப்படியும் காற்று மணலை வாரிக் கொண்டுவந்து சாலையின் குறுக்கே நாக்கு நாக்காகப் போட்டுக்கொண்டே இருக்கிறது. செருப்பில் வந்த பிரேமாவுக்குப் பாதி நேரம் மணலை உதறவே சரியாக இருந்தது. ஷூ போடுங்கள். புடவை வேண்டாம். குடையைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள், அந்தக் காற்றில் அது நிமிஷத்தில் மடங்கிவிடும்.

கிழக்கே பார்த்து நடக்கும்போது இடது பக்கம் பாக் நீரிணை, வலது பக்கம் மன்னார் வளைகுடா. தொலைக்காட்சியில் தனுஷ்கோடியைக் காட்டும்போதெல்லாம் ஒரு பக்கம் சாது, ஒரு பக்கம் ஆவேசம் என்று சொல்வார்கள். மீனவர்களும் பாக் கடலைப் பெண் கடல், மன்னார்க் கடலை ஆண் கடல் என்றுதான் சொல்கிறார்கள். நாங்கள் போன அன்றைக்கோ நேர்மாறாக இருந்தது. இடது பக்கம் கலங்கி, சின்னச் சின்ன அலையாகக் கல்லில் அறைந்துகொண்டிருந்தது. வலது பக்கம் ஏரி போலக் கிடந்தது. மாஸ்டர் ஏற்பாடு செய்திருந்த உள்ளூர் ஆள் அந்தோணி விளக்கினார்: “இப்ப வாடைக் காத்துக்கா. வடகிழக்குலருந்து அடிக்குது, அதான் பெண் கடல் துள்ளுது. வைகாசி, ஆனி வந்து பாருங்க, காத்து அந்தப் பக்கம் திரும்பிரும். ஆண் கடல் ரோட்டு மேலயே ஏறும். நாங்க எது அமைதியா இருக்கோ அந்தப் பக்கம் வள்ளத்தைக் கொண்டுபோயிருவோம்.” இதைக் கேட்ட பிறகு அந்தச் சாலையைப் பார்க்கிற பார்வையே எனக்கு மாறிப்போனது. தீவின் இந்த முனையில் சில இடங்களில் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு நடக்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ஒரு வீட்டுக்காரர் காற்றுக்குத் தகுந்தாற்போல் வாசலை மாற்றிக்கொண்டு இரண்டு கடலிலும் பிழைக்கிறார்.

அந்தோணியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், ஏழரையில் மூன்று மார்க் அவருடையது. வழிகாட்டி என்றால் முன்னால் போவார் என்று நினைப்போம். இவர் கடைசியில் வந்தார். யார் மெதுவாக நடக்கிறார்களோ அவர்களுக்கும் பின்னால். அவரைத் தாண்டி யாரும் பின்தங்க முடியாது, அதுதான் சட்டம். பூங்காவில் வட்டமாகச் சுற்றிப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியாது. வட்டத்தில் வேகமாக நடப்பவர் நம்மைத் தாண்டிப் போனாலும் ஐந்து நிமிஷத்தில் திரும்ப நம் பக்கம் வந்துவிடுவார், விட்ட இடத்திலிருந்து மருமகள் கதையைத் தொடரலாம். நேர்ச்சாலையில் முன்னால் போனவர் போனவர்தான். மூன்றாவது கிலோமீட்டருக்குள் எங்கள் கூட்டம் அரைக் கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிவிட்டது. காற்றிரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது. பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களோடுதான் பேச்சு. அப்படித்தான் ஒரு வீட்டு வரன் விஷயத்தில் வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர் வேறு வழியில்லாமல் ஜோடியாக நடந்தார்கள். யார் என்று சொல்லமாட்டேன். இருவரும் இதைப் படிக்கிறார்கள்.

வெயிலை மட்டும் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒன்பதரை கிலோமீட்டரிலும் ஒதுங்க ஒரு மரநிழல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. வாடைக் காற்று அடிப்பதால் சுடுவதே தெரியாது. “அதான்க்கா ஆபத்து, வேர்க்கலையேன்னு தண்ணி குடிக்காம இருந்திராதீங்க” என்று அந்தோணி நச்சரித்துக்கொண்டே வந்தார். வேன் எங்களுக்கு முன்னால் போய்க் கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்றது. பின் கதவைத் திறந்தால் தண்ணீர், உப்புப் போட்ட மோர், எலுமிச்சை, நனைத்துப் பிழிந்த துண்டு. அந்த வேனின் நிழலில் ஆறு பேர் உட்காரலாம். சாலை தேசிய நெடுஞ்சாலை 87, யார் வேண்டுமானாலும் சும்மா நடக்கலாம். நாங்கள் கொடுத்த காசு அந்த நகரும் நிழலுக்குத்தான்.

இனி வருவது, பயணம் பற்றி எழுதுகிற ஆண்கள் யாரும் எழுதாத சமாச்சாரம். கழிப்பறை. சவுக்குத் தோப்புகூட இல்லாத வெட்டவெளியில், இரண்டு பக்கமும் கடல், முன்னும் பின்னும் சுற்றுலா வண்டிகள், எங்களில் ஐந்து பேர் பெண்கள், அதிலும் மூன்று பேர் சர்க்கரைக்காரிகள். கிளம்புவதற்கு முன் மெரினாவிலேயே மாஸ்டரிடம் நேராகக் கேட்டேன். “கவலைப்படாதீங்க, ஏற்பாடு இருக்கு” என்றார். இந்தப் பதிலை வாழ்நாள் முழுக்கக் கேட்டவள் நான், நம்பவில்லை. உண்மையிலேயே இருந்தது. பாதி வழியில் மீன் கடை போட்டிருக்கிற ஒரு அம்மாவின் குடிசைக்குப் பின்னால், ஓலைத் தட்டி அடைத்து, சிமெண்ட் பூசி, ட்ரம்மில் தண்ணீர், ஆணியில் தொங்குகிற குவளையோடு ஒரு சுத்தமான இடம். ஒவ்வொரு நடைக்கும் அந்தம்மாவுக்கு மாஸ்டர் தனியாகப் பணம் கொடுக்கிறார். நோட்டில் ‘மற்றவை’ என்று இருந்தது இதுதான் என்று பிறகு தெரிந்தது. எந்த நடை ஏற்பாட்டாளரிடமும் முதலில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். இழுத்தடித்துப் பதில் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

அந்த ட்ரம்மில் இருந்தது நல்ல தண்ணீர். கடலுக்கு நடுவில் எப்படி என்று கேட்டதற்கு, குடிசைக்குப் பின்னால் மணலில் தோண்டியிருந்த ஊற்றைக் காட்டினார்கள். ஓர் ஆள் இறங்கி நின்றால் இடுப்புக்கு மேல் தெரியும், அவ்வளவுதான் ஆழம். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. சிரட்டையால் மேலாக மொண்டால் குடிக்கலாம். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்புதான். மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு நின்ற தலைமுறை நான். அந்தம்மா சிரட்டை சிரட்டையாக மொள்வதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடிபாடுகளில் முக்கால் மணி நேரம் கொடுத்தார்கள். போதாது. பவளக்கல்லால் கட்டிய சர்ச்சின் சுவர்கள், ரயில் நிலையத்தின் மிச்சம், தண்ணீர்த் தொட்டி. 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயலில் 653 எண் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர் வண்டி பயணிகளோடு கடலுக்குள் போனது. ஊரே வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அந்தோணி அந்த வண்டியைப் பற்றிப் பேசவில்லை. “எங்க அப்பத்தாவுக்குக் கல்யாணம் ஆன புதுசு. அன்னிக்குப் பார்த்து தங்கச்சிமடத்துல அவுக அம்மா வீட்டுக்குப் போயிருந்துச்சு. அதான் நான் இருக்கேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வசந்தாதான் அங்கே அசல் வழிகாட்டி. எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கினால் கொழும்பு வரை போகலாம் என்ற காலம் பற்றி அவள் அப்பா சொன்னதையெல்லாம் எடுத்துவிட்டாள். 1914-ல் பாம்பன் பாலம் வந்த பிறகு போட் மெயில் தனுஷ்கோடி வரை ஓடியது. இங்கே துறையில் இறங்கி இர்வின், கோஷன் மாதிரிக் கப்பலில் ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயில். ராமேஸ்வரத்திலிருந்து இங்கே மீண்டும் தண்டவாளம் போட 2019-ல் அடிக்கல் நாட்டியதையும் அவளே சொன்னாள். அடிக்கல்லோடு நிற்கிறதாம். ரிட்டையரான பிறகும் “எங்க டிபார்ட்மெண்ட்” என்று வருத்தப்படுகிறாள்.

மாஸ்டரிடம் ஒரு புகார். இப்படி ஓர் இடத்தில் கழுத்தில் மாட்டிய ஸ்பீக்கரில் சேதுபந்தன வரலாற்றை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். யாரோ பேசிப் பதிவு செய்த ஒலிநாடா. புராணத்தில் எனக்கு மனத்தாங்கல் ஒன்றுமில்லை. அந்தச் சுவர்களுக்கு நடுவில் நிற்கிறவர்களுக்கு ஸ்பீக்கர் வேண்டாம். அரை மார்க் போனது இங்கே. மஞ்சள் டீ-ஷர்ட்டை எல்லோரும் போட்டே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததற்கு இன்னொரு கால். தொலைவில் அடையாளம் தெரியவேண்டும் என்ற காரணம் சரிதான், துணி சரியில்லை. முதல் துவைப்பிலேயே சாயம் என் வெள்ளைத் துப்பட்டாவில்.

காலைச் சாப்பாடு வேனில் வந்த இட்லி, மிளகாய்ப்பொடி தடவியது. சாலையோரக் கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம், மணல் கொஞ்சம் சேர்ந்தே உள்ளே போனது. மதியம், திரும்பும் வழியில், அந்தக் கழிப்பறை அம்மாவின் கடையிலேயே மீன். பாறையும் விளமீனும். மீனைக் காட்டி, எடை போட்டு, விலை சொல்லி, அப்புறம்தான் மசாலா தடவுகிறார். தோசைக்கல்லில் கம்மி எண்ணெயில் போட்ட வறுவல். சென்னையில் இந்தப் பெயரில் சிவப்புப் பொடி பூசித் தருவதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்து கோபம் வந்தது. சைவக்காரர்களுக்கு எலுமிச்சைச் சாதமும் அப்பளமும் மட்டும். அதே 5,600 கொடுத்த வசந்தாவுக்கு இது நியாயமில்லை, அவளே எட்டரை கொடுத்தாலும்.

அரிச்சல்முனைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதேகால். நான்கு சிங்கம் வைத்த தூண், அதைச் சுற்றிச் சாலை வளைந்து திரும்புகிறது, அவ்வளவுதான் நாடு. கால் வைக்க இடமில்லாமல் வேன், பஸ், செல்ஃபி. முனைக்கு அப்பால் மணல்திட்டுகள். 2022-ல் இலங்கையில் விலைவாசி தாங்காமல் படகேறிய குடும்பங்களை இந்தத் திட்டுகளில்தான் இறக்கிவிட்டுப் போனார்கள் என்று அந்தோணி கை நீட்டினார். என் போனில் ‘இலங்கைக்கு நல்வரவு’ என்று குறுஞ்செய்தி. டெலிபோன்ஸில் வேலை பார்த்தவள் என்பதால் முதல் காரியமாக ரோமிங்கை அணைத்தேன், மற்றவர்களையும் அணைக்கவைத்தேன். நீங்களும் செய்யுங்கள், பில் பார்த்து அழவேண்டாம்.

முழங்கால்காரர்கள் உட்பட ஒன்பது பேரும் முனைக்கு வந்து சேர்ந்தோம். எங்கள் வீட்டுக்காரர் பாதியில் வேனில் ஏறி, கடைசி ஒரு கிலோமீட்டருக்கு முன் இறங்கி நடந்து, முழுக்க நடந்தவர் போல முனையில் படம் எடுத்துக்கொண்டார். திரும்பும் வழியில் கோதண்டராமர் கோயில் பக்கம் பூநாரைகளுக்காக நிறுத்தினார்கள். 2025 ஜூனில் அரசு இந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. பறவைகள் தூரத்தில் ஓர் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தன. பைனாகுலர் இருக்கிறவர்கள் எடுத்துப் போங்கள், மாஸ்டரிடம் இல்லை.

இப்போது பெரிய புகார். திசை தப்பு. தை மாதத்தில் சூரியன் தென்கிழக்கில் எழுகிறது, சாலையும் தென்கிழக்கே ஓடுகிறது. முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை வெயில் நேரே கண்ணுக்குள். தொப்பி போட்டும் எனக்குத் தலைவலி. போய்ச் சேர்கிற நேரத்தில் முனையில் திருவிழாக் கூட்டம். செக்போஸ்ட் திறந்ததும் வேனிலேயே நேராக முனைக்குப் போய், ஆள் இல்லாத முனையில் சூரியோதயம் பார்த்துவிட்டு, வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு முகுந்தராயர் சத்திரத்துக்கு நடந்தால் என்ன? தூரமும் அதே, மீன் கடையும் அதே. திரும்பும் ரயிலில் மாஸ்டரிடம் காகிதத்தில் படம் போட்டே காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, “முனையை முதல்லயே பார்த்துட்டா யாரும்மா நடப்பாங்க? எல்லாரும் வேன்ல ஏறிருவாங்க. உங்க சார் முதல் ஆளா ஏறுவார்” என்றார். எங்கள் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பி.டி. மாஸ்டருக்குப் பிள்ளைகளின் புத்தி தெரியும். இருந்தாலும் மாசி மாதம் ஒரு தடவை தலைகீழாக நடத்திப் பார்க்க ஒப்புக்கொள்ளவைத்துவிட்டோம். ஸ்பீக்கர் கிடையாது, பழைய டீ-ஷர்ட்டே போதும், லோகநாதன் சாருக்குத் தரைத்தளம், வசந்தாவுக்குக் கூடுதலாக ஒரு பொரியல். எட்டு பேர் இருந்தால்தான் வேன் கட்டுப்படியாகுமாம். ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம்.